வீட்டிலிருந்து ஐ.ரி. வேலை: லண்டன் நேரத்துக்கும் யாழ்ப்பாண வீட்டுக்கும் நடுவில எங்க கோடு போடுறது?

ஒழுங்கைமுகப்பு (இழையைத் தொடங்கியவர்)

ஐ.ரி. வேலை செய்யிற கனபேர் இப்ப கொழும்பில அறை எடுக்காமல் யாழ்ப்பாணத்தில வீட்டிலயே இருந்து செய்யினம். அறை வாடகை மிச்சம், சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. ஆனால் வேலை தொடங்கிற நேரம் தெரியுது, முடியிற நேரம்தான் தெரியிறேல்லை. லண்டன் கிளையன்ற் என்றால் காலமை வீட்டுச்சோலி, பின்னேரம் மீற்றிங், இரவு பத்தரைக்கு "ஒரு சின்னக் கேள்வி" என்று மெசேஜ். இதுக்கு நடுவில கரண்ட் போகும், கோயில் ஸ்பீக்கர் தொடங்கும், "நீ வீட்டில தானே நிக்கிறாய்" என்று காஸ் சிலிண்டர் எடுக்க அனுப்புவினம்.

"மனதைக் கட்டுப்படுத்துங்கள், யோகா செய்யுங்கள்" மாதிரிப் பதில் தயவுசெய்து வேண்டாம். எந்த செற்றிங், எத்தனை வாற்று, எந்த வசனத்தை எழுதி அனுப்புறது? அப்படிச் சொல்லுங்கோ.

---

கோண்டாவில்கோடர்

முதல் நேரக் கணக்கு. இதைச் சரிபார்க்காமல் மற்றதைத் தொட்டுப் பிரயோசனம் இல்லை.

லண்டன் கோடையில எங்களுக்கு நாலரை மணி பின்னுக்கு, குளிர்காலத்தில ஐந்தரை மணி. அங்க காலை 9.30 ஸ்ராண்ட்-அப் (நாளாந்தம் ரீம் கூடுற சின்ன மீற்றிங்) என்றால் இங்க கோடையில மத்தியானம் 2.00, மாரியில 3.00. அவையள் பின்னேரம் 5.30க்கு லப்ரொப்பை மூடேக்க எங்களுக்கு இரவு 10.00, மாரியில 11.00. நீங்கள் கேட்ட பத்தரை மெசேஜ் இதில இருந்துதான் வருது. அனுப்பிறவருக்கு அது வேலை நேரத்தின்ர கடைசித் துண்டு. ஆக்கினை செய்ய வேணும் என்று ஒருத்தரும் அனுப்பேல்லை.

நியூயோர்க் காலை 9 மணி இங்க மாலை 6.30 அல்லது 7.30. கலிபோர்னியா காலை 9 என்றால் இரவு 9.30 அல்லது 10.30. சிட்னி எதிர்ப்பக்கம்: அவையின்ர 9 மணி எங்களுக்கு விடியப்புறம் 4.30, ஒக்ரோபரில இருந்து ஏப்ரல் வரை 3.30. ஆனால் சிட்னியின்ர 5 மணி எங்கட மத்தியானத்தோட முடிஞ்சுபோகும். விடிய எழும்பக்கூடிய ஆக்களுக்கு, என்ர பார்வையில, சிட்னிதான் திறம். இரவு முழுக்க உங்கட கையில.

லண்டனோட வேலை செய்யிறவைக்கு நான் சொல்லுற அட்டவணை: காலமை 10 தொடக்கம் 1 வரை கோட் எழுத, ஆரும் குழப்ப மாட்டினம், லண்டன் நித்திரை. 1 தொடக்கம் 2 சாப்பாடு. 2 தொடக்கம் 7 லண்டனோட. எட்டு மணித்தியாலம் முடிஞ்சுது. கோடையில லண்டன் 9.30 முதல் 2.30 வரை உங்களைப் பிடிக்கலாம், ஐந்து மணி நேரப் பொதுநேரம் தாராளம். மாரியில எல்லாத்தையும் ஒரு மணி பின்னுக்குத் தள்ளி 11 முதல் 8.

பிழை எங்க வருது தெரியுமோ? கனபேர் "கிளையன்ற் நேரம்" என்று 1.30 முதல் 10 வரை முழுதாக ஒப்புக்கொள்ளுகினம். பிறகு காலமை சும்மா இருக்கிறதாக வீடும் நினைக்கும், தாங்களும் நினைப்பினம். அந்தக் காலமை நேரம் ஓய்வாக நிக்கிறேல்லை, பழைய ரிக்கெற் (முடிக்காமல் கிடக்கிற வேலைக் குறிப்பு) பார்க்கப் போயிடும்.

---

நெல்லியடி_நேரம்

மேல சொன்னதோட ஒன்று சேர்க்கிறன். மீற்றிங்கை எந்த நேர வலயத்தில உருவாக்கினதோ அதைத்தான் அது பின்பற்றும். லண்டன்காரர் போட்டது என்றால் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் உங்கட கலண்டரில தானாக ஒரு மணி நகரும். நீங்கள் கொழும்பு நேரத்தில போட்டிருந்தால் உங்களுக்கு அசையாது, அவைக்கு நகரும்.

அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாத்தும், நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி மாத்தும். அதால மார்ச்சில இரண்டு மூன்று கிழமையும் ஒக்ரோபர் முடிவில ஒரு கிழமையும் லண்டன்–நியூயோர்க் வித்தியாசம் வழமையான ஐந்து மணி இல்லை, நாலு. இரண்டு பக்கமும் ஆக்கள் உள்ள ரீமில கலண்டர் மோதுறது இந்தக் கிழமைகளிலதான். அந்த நாலு ஞாயிற்றையும் வருசத் தொடக்கத்திலயே குறிச்சு வையுங்கோ.

---

சுன்னாகம்230

கரண்ட் விசயத்துக்கு வாறன்.

2022 மார்ச் முடிவில ஒரு நாளைக்கு 13 மணி வரை வெட்டின காலத்தில வாங்கின சாமான்கள்தான் கன வீடுகளில இன்னும் கிடக்கு. அந்த அளவு வெட்டு இப்ப இல்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கப் போனதுபோல ஒன்று எப்பவும் வரலாம். மழைக்கு லைன் போறது, கிளை விழுறது எங்களுக்குப் புதிசில்லை.

கரண்ட் போனால் முதலில சாகிறது லப்ரொப் இல்லை, அதுக்குள்ள பற்றரி இருக்கு. சாகிறது ஃபைபர் பெட்டி, அதாவது ஓ.என்.ரி. அதுக்கு 12 வோல்ற் மினி யூ.பி.எஸ். ஒன்று போதும். பெட்டியில 8800 எம்.ஏ.எச். என்று பெரிசாய்ப் போட்டிருப்பினம். அது உள்ளுக்கு இருக்கிற 3.7 வோல்ற் செல்லின்ர கணக்கு. 8.8ஐ 3.7ஆல பெருக்கினால் 32.5 வாற்று மணி. 12 வோல்ற்றுக்கு உயர்த்துறதில கொஞ்சம் போய் 27, 28 மிஞ்சும். ஓ.என்.ரி. 8 வாற்று இழுத்தால் மூன்றரை மணி. கடைக்காரர் எட்டு மணி என்றால் சிரிச்சுப்போட்டு வாங்குங்கோ.

வாங்க முதல் அடப்ரரின்ர லேபிளை வாசியுங்கோ. 12 வோல்ற்றோ 9 வோல்ற்றோ, எத்தனை அம்பியர், ஊசி 5.5க்கு 2.1ஓ 2.5ஓ என்று. 2.5 துளைப் பிளக் 2.1 ஊசிக்குள்ள போகும், ஆனால் ஆடும். ஆடினால் மீற்றிங் நடுவில ரூட்டர் திரும்பத் திரும்ப எழும்பும். இதைத்தான் "லைன் சரியில்லை" என்று போன் பண்ணிக் கத்துகினம்.

பெரிய இன்வேட்டர் போடுறவைக்கு: 12 வோல்ற் 100 அம்பியர்-மணி பற்றரி 1200 வாற்று மணி. அரைவாசிக்குக் கீழ இறக்காமல் பாவிச்சால் 600, இன்வேட்டர் தின்னுறது போக 480. லப்ரொப் 50, மொனிற்றர் 25, ஓ.என்.ரி. 10, பி.எல்.டி.சி. ஃபான் (கரண்ட் குறைவா இழுக்கிற புதுவகை) 30, மொத்தம் 115 வாற்று. நாலு மணிக்குக் கொஞ்சம் மேல. அதே இடத்தில பழைய சீலிங் ஃபான் 75 வாற்று போட்டால் மூன்று மணி. ஃபானை மாத்துறது இரண்டாவது பற்றரி வாங்கிறதை விட மலிவு.

ஈயப் பற்றரியை அலுமாரிக்குள்ள, அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழ வைக்காதேங்கோ. 25 பாகைக்கு மேல ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதி. எங்கட ஊர் ஏப்ரல் வெயிலுக்கு உது பெரிய கணக்கு.

---

பனங்கொட்டை

அண்ணை, 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று சும்மா கிடக்கு. லப்ரொப் சார்ஜரையும் அதில குத்தினால் என்ன?

---

சுன்னாகம்230

குத்தாதேங்கோ தம்பி. அதுக்குள்ள இருக்கிறது 12 வோல்ற் 7 அம்பியர்-மணி, 84 வாற்று மணி. கெதியா இறக்கேக்க அதில அறுபது வீதம் கிடைச்சால் நல்லது. லப்ரொப் தன்ர பற்றரியை நிரப்ப 65 வாற்று வரை இழுக்கும், ஒரு பற்றரியில இருந்து இன்னொரு பற்றரிக்கு ஊத்திற வேலை. மொனிற்றரும் ஓ.என்.ரி.யும் மட்டும் குத்தினால் ஒரு மணிக்கு மேல நிக்கும். சார்ஜரையும் சேர்த்தால் அரை மணி.

இன்னொன்று. கிணத்து மோட்டர் தொடங்கேக்க மொனிற்றர் ஒருக்காக் கண்ணடிக்கும் வீடுகள் இருக்கு. மோட்டர் எழும்பிற நொடியில வழமையின்ர ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்ற் விழும். முறையான தீர்வு மோட்டருக்கு டி.பி. போர்டில (வீட்டு மின்பங்கீட்டுப் பெட்டி) இருந்து தனி லைன். மலிவான தீர்வு மத்தியானம் ஒன்றரைக்கு முதல் ராங்கை நிரப்பிப்போட்டு மீற்றிங்குக்கு இருக்கிறது.

---

கீரிமலைக்காற்று

ஃபைபர் போனால் மாற்றுவழி போன் ஹொட்ஸ்பொட். அதுக்கு இரண்டு குறிப்பு. போன் வேற நிறுவனத்தின்ர சிம்மாக இருக்கட்டும், ஒரே நிறுவனம் என்றால் இரண்டும் சேர்ந்து படுக்கும். லப்ரொப்பில அந்த வைஃபையை "மீற்றர்ட்" (அளவான டேற்றா) என்று குறிச்சு வையுங்கோ, இல்லாட்டி விண்டோஸ் அப்டேற்றும் ஒன்ட்ரைவும் டேற்றாவை விழுங்கும். வீடியோவோட குழுக் கோல் மணிக்கு 1 ஜீ.பி.யைத் தாண்டலாம், குரல் மட்டும் என்றால் 100 எம்.பி.க்குள்ள.

ஸ்ரார்லிங்க் செய்மதி இணையம் 2025 ஜூலையில இங்க வந்தது. நல்லம்தான், ஆனால் 75 முதல் 100 வாற்று வரை இழுக்கும். மேல சொன்ன மினி யூ.பி.எஸ். அதுக்குக் கொசுக்கடி. வளவில பனையும் தென்னையும் வானத்தை மறைச்சால் நிமிசத்துக்கு நிமிசம் அறுபடும்.

---

மட்டுவில்கத்தரி

அண்ணைமார் எல்லாரும் வோல்ற் கணக்கில நிக்கிறியள். வீட்டுக்குள்ள நடக்கிற கணக்கையும் போடுவமே?

கோண்டாவில்கோடர் சொன்ன 10 தொடக்கம் 7 அட்டவணை அழகு. பெண் பிள்ளையளுக்கு அது இப்படித்தான் ஓடும்: ஐந்தரைக்குக் குசினி, ஏழரைக்கு முதல் பள்ளிக்கூடம், ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு ஏத்த வேணும், இரண்டரைக்கு முதல் ரியூசனுக்கு விட வேணும், லண்டன் ஸ்ராண்ட்-அப் சரியாக இரண்டு மணிக்கு. அந்த ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில மூன்று சோலி ஒரே ஆளின்ர தலையில. இதுக்கு செற்றிங் இல்லை. பள்ளிக்கூடம், ரியூசன் இரண்டில ஒன்றை வேற ஆள் எடுக்க வேணும், அல்லது ஸ்ராண்ட்-அப்பை அரை மணி பின்னுக்குத் தள்ளச் சொல்லிக் கேட்க வேணும். லண்டனுக்கு 10 மணி ஒரு பிரச்சினையே இல்லை. கேட்கிறேல்லை, அதுதான் பிரச்சினை.

வீட்டாக்களோட பேசேக்க "எட்டு மணித்தியாலம் ஒருத்தரும் கூப்பிடாதேங்கோ" என்றால் ஒருத்தரும் கேட்க மாட்டினம், கேட்கவும் ஏலாது. விறாந்தையில மேசை போட்டு வேலை செய்யிற வீட்டில மூடுறதுக்குக் கதவே இல்லை. எட்டு மணியை விட்டிட்டு இரண்டு துண்டைக் கேளுங்கோ: மத்தியானம் 2 முதல் 3, பின்னேரம் 5 முதல் 6. இந்த இரண்டுக்குள்ள வீடு பத்தினால் ஒழியக் கூப்பிடக் கூடாது. மற்ற நேரம் வந்து கேட்கலாம். அம்மம்மாவுக்கு விளங்கிற அடையாளம் ஒன்று வேணும். ஹெட்செற் போட்டிருந்தால் மீற்றிங், கழட்டி மேசையில வைச்சிருந்தால் கதைக்கலாம். இதுக்கு ஒரு கட்டுப்பாடு: பாட்டுக் கேட்க அதே ஹெட்செற்றைப் போடக் கூடாது. போட்டால் இரண்டு கிழமையில அடையாளம் செத்துப்போகும்.

வங்கி, மின்சாரசபை, காஸ் எல்லாத்தையும் ஒரு நாள் காலமை 8.30 முதல் 10க்குள்ள அடக்குங்கோ. ஒவ்வொரு நாளும் "ஒருக்காப் போட்டு வா" என்றால் அரை மணிச் சோலி இரண்டு மணி நேரக் கவனத்தைக் கொண்டுபோகும். வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் வந்து நிக்கிற ஓகஸ்ட் மாதத்துக்கு என்னட்டயும் மருந்தில்லை. லீவு போடுங்கோ.

---

ஒழுங்கைமுகப்பு

அக்கா, அந்த 2.30 யோசினை அருமை. ஆனால் கேட்டால் "கொமிற்மென்ற் இல்லை" என்று நினைக்க மாட்டினமோ?

---

மட்டுவில்கத்தரி

பள்ளிக்கூடம் என்று காரணம் சொல்லித் தொடங்காதேங்கோ. "10 மணிக்கு வைத்தால் உங்கட ஆக்கள் காலை மெயிலைப் பார்த்திட்டு வரலாம், எங்கட பக்கம் ஏழு பேரும் தவறாமல் வருவினம்" என்று இரண்டு பக்க இலாபத்தையும் வையுங்கோ.

---

வாசிகசாலை

ஆய்வுகள் சொல்லுறதையும் பார்ப்போம். 2020 முடக்க காலத்தில் ஹார்வர்ட், நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 நகரங்களில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மெயில், கலண்டர் விவரங்களைப் பார்த்தார்கள். கூட்டங்களின் எண்ணிக்கை 12.9 வீதம் கூடியது, ஒவ்வொன்றின் நீளம் 20.1 வீதம் குறைந்தது. வேலைநாள் சராசரியாக 48.5 நிமிடம் நீண்டது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணிப்பில், வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு 35–40 மணி செய்பவரை விடப் பக்கவாத ஆபத்து 35 வீதம் அதிகம்.

மறுபக்கமும் உண்டு. சீனாவின் டிரிப்.கொம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடத்திய சோதனை 2024இல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டபோது வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத்தர மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் பாதிப்பு இல்லை.

---

கோண்டாவில்கோடர்

வாசிகசாலை, நல்ல தகவல். ஆனால் இரண்டையும் எங்களுக்கு அப்படியே பொருத்தேலாது. முதலாவது முடக்க காலம், பிள்ளையளும் வீட்டில, வெளியில போகவும் ஏலாது. இரண்டாவது ஷாங்காயில ஒஃபிஸும் வீடும் ஒரே நகரத்தில உள்ள ஆக்கள், கிழமையில மூன்று நாள் முகம் பார்க்கினம். யாழ்ப்பாணத்தில இருக்கிறவருக்குக் கொழும்பு ஒஃபிஸ் 400 கிலோமீற்றர். இங்க "ஹைபிரிட்" என்றால் மாதத்தில ஒரு கிழமை ரயில் ஏறுறதுதான். அதைச் சிதறடிக்காமல் சேர்த்து ஒரு கிழமையாப் போறது நல்லது. டிசைன் விவாதம், புது ஆளுக்குப் பழக்கிறது, மனேஜரோட சம்பளக் கதை எல்லாத்தையும் அந்தக் கிழமைக்கு ஒதுக்குங்கோ. கோட் எழுதக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

---

பேஜர்பூச்சி

இரவு மெசேஜுக்கு வாறன், ஏனென்றால் "நோட்டிபிகேசனை ஓஃப் பண்ணு" என்று சொல்லி விட்டால் புரொடக்சன் (ஆக்கள் பாவிக்கிற உண்மையான சேவை) விழுந்த அன்று வேலை போகும்.

இரண்டு வாசல் வையுங்கோ. ஒன்று சற்: ஸ்லாக், ரீம்ஸ், மெயில். இது இரவு 7.30க்குப் பூட்டு. ஸ்லாக்கில அறிவிப்பு அட்டவணை இருக்கு, ரீம்ஸ் போன் அப்பில அமைதி நேரம் இருக்கு, நாள் வாரியா வைக்கலாம். மற்றது அலாரம்: ஓன்-கோல் கருவியின்ர (அவசரத்துக்கு முறை வைச்சு நிக்கிற ஆளை எழுப்பிற மென்பொருள்) கோல் மட்டும். போனில அந்த ஒரு இலக்கத்துக்கு மட்டும் "தொந்தரவு செய்யாதே" விலக்குக் குடுங்கோ. அவசரம் என்றால் கோல் அடிக்கும். அடிக்கேல்லை என்றால் அவசரம் இல்லை.

அலாரம் எதுக்கு அடிக்கலாம் என்று எழுத்தில வேணும். காசு கட்ட ஏலாது, லொகின் ஆக ஏலாது, டேற்றா அழியுது: இதுக்கு அடி, 15 நிமிசத்தில பதில். அறிக்கை ஒன்று பிந்துது, ரெஸ்ற் சேர்வர் விழுந்திட்டுது: காலமை பார்க்கலாம். வட்டுக் கொள்ளளவு 80 வீதம் என்று இரவு இரண்டுக்கு எழுப்பிற அலேட் மாதிரிக் கேடு ஒன்றும் இல்லை. அதை "இப்படியே போனால் நாலு மணிக்குள்ள நிரம்பும்" என்றால் மட்டும் அடிக்கிற மாதிரி மாத்துங்கோ.

சுழற்சி நாலு பேருக்குக் குறைஞ்சால் ஓடாது, மாதத்தில ஒரு கிழமைக்கு மேல வரும். கூகுளின்ர எஸ்.ஆர்.ஈ. (சேவை விழாமல் பார்க்கிற பொறியியல் குழு) நடைமுறையில 12 மணி ஷிஃப்டுக்கு இரண்டு சம்பவத்துக்கு மேல தாங்காது என்று கணக்கு வைச்சிருக்கினம். இரவு எழுப்பினால் அடுத்த நாள் காலமை பிந்தித் தொடங்கிறது உரிமையாக எழுதப்பட வேணும், மனேஜரின்ர தயவில நிக்கக் கூடாது.

ஸ்லாக்கில மற்ற ஆள் "இருந்தாலும் அறிவி" என்று அமைதி நேரத்தை உடைக்கலாம். அதை ஒருத்தர் பழக்கமாக்கினால் செற்றிங்கால தடுக்கிறதை விட ஆளோட கதைக்கிறதுதான் வழி.

---

புள்ளிக்கணக்கு

வேலைநேரம் யாருக்கு எப்படி எழுதப்பட்டிருக்கு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இலங்கைக் கொம்பனியின் ஊழியர் என்றால் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலகச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்கிறது. ஆண்டு விடுமுறை 14 நாள், தற்செயல் விடுமுறை 7 நாள். சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம்.

வெளிநாட்டுக்கு நேரடியாக ஒப்பந்தக்காரராகச் செய்பவருக்கு இது எதுவும் இல்லை. அதனால் விலை பேசும்போது அதே சம்பளத்தை அப்படியே கேட்பது நட்டம். 15 வீதத்தைக் கூட்டுங்கள். பின் வருடத்தின் 260 வேலைநாளில் 21 நாள் விடுமுறை போக 239 நாளைக்குப் பிரியுங்கள். 1.15ஐ 260 ஆல் பெருக்கி 239 ஆல் வகுத்தால் 1.25. அதாவது கால்பங்கு கூடக் கேட்டால்தான் சமன். பணிக்கொடையும் போயா விடுமுறைகளும் இன்னும் இதில் இல்லை. கால்பங்கு கூடக் கேட்காதவர் காய்ச்சல் நாளிலும் லப்ரொப்பைத் திறப்பார், ஏனென்றால் திறக்காவிட்டால் காசு இல்லை.

சிலர் அவுஸ்திரேலியாவின் "தொடர்பறுக்கும் உரிமை" (வேலை நேரத்துக்குப் பின் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை) பற்றிக் கேட்கிறார்கள். 2024 ஓகஸ்ட் 26இல் நடைமுறைக்கு வந்தது. அது அந்த நாட்டுத் தொழிற்சட்டத்துக்குள் வரும் ஊழியருக்கு. இங்கே இருக்கும் ஒப்பந்தக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பாக அதைக் காட்ட முடியாது. ஆனால் சிட்னி மனேஜருக்கு அந்தப் பழக்கம் இப்போது தெரியும் என்பதால் பேச்சைத் தொடங்க உதவும்.

---

பனங்கொட்டை

கோயில் ஸ்பீக்கருக்கு ஏதும் வழி இருக்கோ? நல்லூர்த் திருவிழா 25 நாள், அது முடிய உள்ளூர்க் கோயில்.

---

கீரிமலைக்காற்று

ரீம்ஸ், சூம் சத்தக்குறைப்பு ஃபான் இரைச்சல் மாதிரி ஒரே சீரான சத்தத்தை நல்லா வெட்டும். ஸ்பீக்கரில தேவாரமோ அறிவிப்போ போனால் அது மனிதக் குரல், பாதி உள்ள வரும். தண்டு மைக் உள்ள ஹெட்செற் வேணும். மைக் வாய்க்கு நேர இல்லாமல் ஓரத்தில இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். லப்ரொப் மைக் அறை முழுக்கக் கேட்கும். உள்ளூர்த் திருவிழாத் திகதியை முன்கூட்டியே கலண்டரில போட்டு அந்தப் பின்னேரங்களில நீங்கள் பேச வேண்டிய டெமோ வராமல் பாருங்கோ. மேற்குப் பார்த்த அறையையும் தவிருங்கோ, லண்டன் நேரம் தொடங்கேக்கதான் அந்தச் சுவர் கொதிக்கத் தொடங்கும்.

---

ஒழுங்கைமுகப்பு

எல்லாருக்கும் நன்றி. மேல சொன்னதுகளை வைச்சு கிளையன்றுக்கு அனுப்ப ஒரு வரைவு. இங்கிலிசில போடுவன், கருத்து இதுதான்:

"எனது வேலைநேரம் காலை 10 முதல் மாலை 7 வரை, ஐ.எஸ்.ரி. உங்கள் நேரத்துடன் தினமும் ஐந்து மணி பொதுவாக இருக்கும். ஸ்ராண்ட்-அப்பை உங்கள் 10 மணிக்கு மாற்றலாமா? மாலை 7க்குப் பின் வரும் செய்திகளுக்கு அடுத்த நாள் உங்கள் வேலை தொடங்க முன் பதில் இருக்கும். சேவை நின்றுபோனால் ஓன்-கோல் கருவி மூலம் அழையுங்கள், 15 நிமிடத்தில் வருவோம். போயா உட்பட எங்கள் விடுமுறைகளைப் பொதுக் கலண்டரில் சேர்த்துள்ளேன்."

---

நெல்லியடி_நேரம்

நல்லா இருக்கு. ஒரே ஒரு திருத்தம்: "ஐ.எஸ்.ரி." என்று எழுதாதேங்கோ. நீங்கள் நினைச்சது எங்கட நேரத்தோட ஒத்த இந்திய நேரம். லண்டன் ரீமில டப்ளின்காரர் இருந்தால் அவருக்கு அது அயர்லாந்து நேரம், இஸ்ரேல்காரருக்கு இஸ்ரேல் நேரம். "கொழும்பு நேரம், யூ.ரி.சி. (உலகப் பொதுநேரம்) கூட்டல் 5.30" என்று போடுங்கோ. அதோட 10 முதல் 7 கோடைக்குத்தான் என்று ஒரு வசனம் சேருங்கோ. இல்லாட்டி ஒக்ரோபர் கடைசி ஞாயிறு முடிய அந்த ஐந்து மணி நாலாகும், மாத்தின ஸ்ராண்ட்-அப் உங்களுக்கு மூன்றரைக்கு வரும்.